மருந்தைச் சுமக்கும் மெழுகு

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். ஒரு புறங்கையில் துளி வாசலின், இன்னொன்றில் துளி பொவிடோன் அயோடின் களிம்பு. இரண்டையும் குழாயடியில் காட்டுங்கள். வாசலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். அயோடின் களிம்போ கரைந்து, பழுப்புத் தண்ணீராக வழிந்துவிடும்.

இதற்குக் காரணம் மருந்தல்ல, மருந்தைச் சுமக்கும் பேஸ். சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் தேனிலோ நெய்யிலோ குழைத்துத் தருகிறார்களே, அந்த அனுபானம் போன்றது. 5 சதவீத அயோடின் களிம்பில் மருந்து நூற்றுக்கு ஐந்து பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி பேஸ்.

தண்ணீரில் கரையும் களிம்புகளில் பெரும்பாலும் இருப்பது மேக்ரோகோல் என்ற பாலிமர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பதும் இதுதான். ஒரே மாதிரி மணிகளைக் கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 400 உள்ள குட்டைச் சரம் எண்ணெய் போல ஓடும்; 3350 உள்ள நீளச் சரம் மெழுகாக நிற்கும். அமெரிக்க மருந்து நூலான யுஎஸ்பி சொல்லும் பக்குவம் எளிது: முதலாவது 600 கிராம், இரண்டாவது 400 கிராம். 65 டிகிரி செல்சியசில் உருக்கி, உறையும் வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதமான களிம்பு தயார்.

இந்த பேஸ் ஈரத்தை இழுக்கும். நீர் கசியும் புண்ணில் அது நல்லது. கழுவினாலும் சுலபமாகப் போய்விடும். வெடித்த குதிகாலுக்கு அது உதவாது. அங்கே ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும் வாசலின்தான் வேண்டும். மேக்ரோகோலை மூக்குக்குள் தடவினாலும் எரியும், வறளும். அதனால்தான் தோலுக்கான மியூபிரோசின் களிம்பு மேக்ரோகோலில் வருகிறது. மூக்குக்கானது வெள்ளைப் பாரஃபினில் வருகிறது. இரண்டிலும் மியூபிரோசின் 2 சதவீதம்தான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பரந்த தீப்புண்ணில் மேக்ரோகோல் களிம்பை அப்பினால் அந்த பேஸ் ரத்தத்தில் கலக்கும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது பெரிய பாரம். மருந்துச் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருக்கும் டியூபின் அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் பேஸ் பற்றிய வரி இருக்கும். இனி அதையும் சேர்த்துப் படியுங்கள்.