கறப்பவர் கைக்கும் வரும் எருமை அம்மை

எருமையின் காம்பில் கொப்புளம் கண்டால், "மடிப்புண்தானே, தானாக ஆறிவிடும்" என்று பலர் விட்டுவிடுகின்றனர். அது எருமை அம்மையாக இருந்தால் கறப்பவரின் கைக்கும் தொற்றும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஓரிரு எருமைகளை வைத்துக் கையால் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சிறு விவசாயிகள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இந்நோய் 1934-ல் லாகூரில் கண்டறியப்பட்டது. 1985-87-ல் மகாராஷ்டிரத்தில் எருமைகளுக்குப் பரவியபோது கறவைக்காரர்களுக்கும் தொற்றியது. 2009-ல் அங்கேயே சோலாப்பூர், கோலாப்பூர் மாவட்டங்களிலும் இவ்வாறு நேர்ந்தது.

பெரியம்மைக்குக் குத்திய அம்மைப்பாலின் கிருமியும் இதுவும் நெருங்கிய உறவுடையவை. எனவே அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 1980-ல் பெரியம்மை உலகில் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துவதும் நின்றது. அதன் பின் பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அறிகுறிகள்: எருமைக்குக் காம்பு, மடி, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் கொப்புளம் தோன்றி, உடைந்து பொருக்குத் தட்டும். புண் வழியே வேறு கிருமிகள் புகுந்தால் மடிவீக்கம் வந்து பால் குறையும். மனிதருக்கு விரல், உள்ளங்கை, முன்கையில் கொப்புளமும், காய்ச்சலும், அக்குளில் நெறி கட்டுதலும் உண்டாகும்.

செய்ய வேண்டியவை:

1. நோயுற்ற எருமையைத் தனியே கட்டி, கடைசியாகக் கறக்க வேண்டும்.

2. கையில் வெட்டோ கீறலோ உள்ளவர் அதைக் கறக்கக் கூடாது. கறப்பவர் ரப்பர் கையுறை அணிந்து, பின்னர் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

3. புண்ணை இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் கழுவி, டாக்டர் தரும் களிம்பைத் தடவலாம்.

4. கன்றை ஊட்டவிடாமல், பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் புகட்ட வேண்டும். வீட்டிலும் காய்ச்சாத பாலைக் குடிக்கக் கூடாது.

5. சந்தையில் வாங்கிய எருமையைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்கலாம்.

வெள்ளாடு, செம்மறிகளின் உதட்டில் பொருக்குத் தட்டும் அம்மையும் கைக்குத் தொற்றக்கூடியதே. குட்டிகளுக்கு மருந்திடுவோர் கவனமாக இருக்க வேண்டும்.

"அம்மை போட்டிருக்கிறது" என்று வேப்பிலையோடு வீட்டில் இருந்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குச் சென்று, எருமை கறப்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்போதுதான் நோயைச் சரியாக அறிய முடியும். எருமைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம்.