பலகையிற் பிறந்த பொருள்கள்

ஒரு சொல் பல பொருள் உணர்த்துதலும் பல சொல் ஒரு பொருள் உணர்த்துதலும் மொழிகளுக்கு இயல்பு. தொல்காப்பியர் உரியியலின் தொடக்கத்திலேயே இவ்வியல்பைச் சுட்டுகின்றார். பின்வந்த நிகண்டு நூலார் ஒருசொற் பல்பொருட் பெயர்களைத் தனித்தொகுதியாக வகுத்தனர். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி அத்தகையது. திண்ணைப் பள்ளிகளிற் பயின்ற சிறுவர் அதனை மனனஞ் செய்தே சொற்பொருள் அறிந்தனர். அரி என்னுஞ் சொல்லுக்குத் திருமால், சிங்கம், குரங்கு, குதிரை, ஞாயிறு எனத் தடையின்றி ஒப்புவிக்கும் சிறுவன், சிங்கத்துக்கும் ஞாயிற்றுக்கும் யாது தொடர்பென்று வினாவுவதில்லை. வினாவுதற்கு நிகண்டின் செய்யுளமைப்பு இடந் தருவதுமில்லை. வடமொழியிலே பொன்மையும் கபிலமும் பசுமையும் கலந்த நிறத்தை உணர்த்திய ஒரு சொல்லே அந்நிறமுடைய விலங்குகளுக்கும் ஞாயிற்றுக்கும் பெயராயிற்று என்று அறிந்தவனுக்கு அப்பட்டியலிற் பெரும்பகுதி தானே நினைவில் நிற்கும். அரிதல், அரிவாள் என்பவற்றில் உள்ள அரியோ முற்றிலும் வேறான தமிழ்ச்சொல். ஒலியொற்றுமையால் மாத்திரம் அதனோடு ஒன்றாய்த் தோன்றுவது.

ஆங்கிலங் கற்கும் நம் மாணவரும் இன்று அந்நிகண்டு முறையையே கையாளுகின்றனர். அகராதியிலே ஒரு சொல்லுக்குப் பதினைந்து பொருள் காணப்படின் பதினைந்தையும் குறிப்பேட்டில் எழுதி உருப்போடுவர். அன்றேல் முதற்பொருளோடு நின்றுவிடுவர். இடர் விளைப்பன நெடிய சொற்கள் அல்ல. கிரேக்க இலத்தீன் மூலங்களினின்று வந்த நெடுஞ்சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருளுக்கு உரியனவாய் அடங்கிக் கிடக்கும். நாடோறும் வழங்கும் குறுஞ்சொற்களே மாணவனை மயக்குவன. 'போர்ட்' என்னுஞ் சொல் அவற்றுள் ஒன்று. கப்பலில் ஏறினான் என்று எழுதவேண்டிய இடத்திலே பலகையின்மேற் சென்றான் என்று எழுதும் மாணவன் அகராதியைப் பாராதவனல்லன்; பார்த்தவனே.

பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பலகை என்பதே முதன்மையான பொருள். அறுத்துத் தட்டையாக்கிய மரம் எதற்குப் பயன்பட்டதோ அதற்கெல்லாம் அப்பெயர் சென்றது. வீரர் கையிற் பிடித்த மரக்கேடகமும் பழைய ஆங்கிலச் செய்யுளில் அப்பெயர் பெற்றது. தமிழிலும் பலகை என்பது கேடகத்துக்கும் சூதாடும் அரங்குக்கும் பெயராய் வழங்கியதுண்டு. இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாத காலத்திலே ஒரே வழியிற் சென்றமை நோக்கத்தக்கது.

கேடகப்பொருள் மறைந்தொழிந்தது. நிலைத்துப் பெருகியது உண்பலகைப் பொருளே. இடைக்கால இங்கிலாந்தின் பெருமனைகளிலே நிலையான உணவு மேசைகள் அரியன. உண்ணும் வேளையில், தனியே நிறுத்திய மரக்கால்களின்மீது நீண்ட பலகைகளை இடுவர். உண்டபின் அவற்றை எடுத்துச் சுவரோரம் சாத்துவர். ஆகவே பலகை என்றால் உணவு மேசை என்றாயிற்று. பின்னர் மேசைமேல் வைக்கும் உணவே அச்சொல்லின் பொருளாயிற்று. தமிழர் இல்லத்தில் இலை போட்டாயிற்று என்றால், மரத்தின் உறுப்பு எங்கே என்று எவரும் தேடுவதில்லை. உணவுக்கு எழுந்து செல்வர். படுக்கையும் பலகையும் தருதல் என்று ஆங்கிலேயர் சொல்வது உறையுளும் உண்டியும் அளித்தலையே. பணங்கொடுத்து மற்றொருவர் மனையில் உண்பவன் 'போர்டர்' எனப்பட்டான். அத்தகையோர் தங்கிக் கற்கும் பள்ளி 'போர்டிங்' பள்ளி எனப்பட்டது.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் மாணவர் விடுதியைப் பேச்சுவழக்கிற் 'போடிங்' என்பதன் மூலம் இதுவே. ஆனால் அச்சொல் கொழும்புக்குச் சென்றவுடன் மற்றுமொரு மாற்றம் அடைந்துள்ளது. கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ அந்நகரிலே வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்குபவர், தாம் 'போடிங்கில்' இருப்பதாகக் கூறுவர். அவ்வறையிற் கட்டிலுண்டு, சிலவேளை மேசையுமுண்டு, உணவு மாத்திரம் பெரும்பாலும் இல்லை. மாலையில் அவர் உணவு தேடிக் கடைக்குச் செல்வார். உணவென்று பொருள்பட்ட ஒரு சொல் உணவில்லாத அறைக்குப் பெயராகிவிட்டது. சொல்லின் பிறப்பை அறிந்தவர் இவ்வழக்கைப் பிழையென்று திருத்த முற்படின் அவரே நகைப்புக்கு இடமாவார். பிறப்பு ஒரு பொருள் எவ்வாறு வந்ததென்பதைக் காட்டும். இன்றைய பொருள் யாதென்பதை வழக்கே முடிவு செய்யும்.

ஒரே மேசையிற் கூடியிருந்து உண்போர் உளராயின், கூடியிருந்து ஆராய்வோரும் உளராவர். ஆலோசனைக் குழுவினர் சூழ்ந்திருந்த மேசையின் பெயர் அக்குழுவினர்க்கே ஆயிற்று. கடற்படை நிருவாகம், வணிகம், கல்வி எனப் பல துறைகளை மேற்பார்வை செய்யும் குழுக்கள் ஆங்கிலத்தில் இப்பெயர் பெற்றன. தமிழ் மாணவருக்கு இது விளங்காத புதுமையன்று. மதுரையிற் புலவர் வீற்றிருந்த சங்கப்பலகையை அறியாதார் யார்? தகுதியுடைய புலவர்க்கு அப்பலகை நீண்டு இடந் தந்தது என்பது புராண வரலாறு. ஆங்கிலேயர் பலகையைச் சூழ்ந்திருந்தனர், சங்கப் புலவர் பலகையின்மேல் இருந்தனர், வேறுபாடு அவ்வளவே. இன்றைய சபைகளின் பலகை தகுதி நோக்கி நீளுவதும் சுருங்குவதும் உண்டோ என்பது வேறு வினா. இருக்கையினாற் குழுவையும் தொழிலையும் குறித்தல் பிற சொற்களிலும் உண்டு. இலங்கையிற் சபைத் தலைவரைத் தவிசாளர் என்கின்றோம். தவிசு என்பது இருக்கை. நம் வகுப்பறை 'வாங்கு' போர்த்துக்கேயர் தந்த சொல். அதற்கு இனமான இத்தாலியச் சொல்லே, பணம் மாற்றுவோர் இருந்த வாங்கினின்று, வங்கிக்குப் பெயராயிற்று.

குழு என்னும் பொருளும் உணவென்னும் பொருளும் அருகருகே நிற்பதால் விளையும் மயக்கம் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினால் ஊர்தோறும் பள்ளிக் குழுக்கள் தெரிவு செய்யப்பட்டன. அக்குழுக்கள் நடத்திய பாடசாலைகள் 'போர்ட்' பள்ளிகள் எனப்பட்டன. அவற்றிற் பெரும்பாலும் எளியோர் வீட்டுப் பிள்ளைகள் கற்றனர். 'போர்டிங்' பள்ளிகளிலோ செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பணம் செலுத்தித் தங்கிக் கற்றனர். ஈற்றில் ஒரு விகுதியே வேறுபாடு; வாழ்க்கை நிலையில் வேறுபாடோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் அக்குழுக்களை நீக்கியது. எனினும் அக்காலத்துக் கதைகளை வாசிக்கும் மாணவன் இவ்வேறுபாட்டை அறியானாயின், ஏழைச் சிறுவனைச் செல்வன் என்று கொண்டு கதை முழுவதையும் பிறழ உணர்வான். தமிழ்நாட்டு எழுத்தாளர் சிலர் தாம் 'போர்டு ஹைஸ்கூலில்' படித்ததாகக் கூறுமிடத்தும் விடுதியைத் தேடவேண்டியதில்லை. மாவட்டக் குழுக்கள் நடத்திய உயர்நிலைப் பள்ளிகள் அவை.

குழுவைக் குறிக்கும் இச்சொல்லைத் தமிழாக்கியதில் இரு நாட்டுத் தமிழரும் இருவழிச் சென்றனர். தமிழ்நாட்டார் வாரியம் என்றனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919ஆம் 921ஆம் ஆண்டுகளுக்குரியன, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை விரித்துரைக்கின்றன. ஆயிரமாண்டுப் பழமையுடைய அச்சொல் மின்சாரத்துக்கும் வீட்டுவசதிக்கும் மீண்டும் பயன்பட்டது. இலங்கையிலோ சபை என்ற சொல்லே நிலைபெற்றது. 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது போக்குவரத்துச் சபை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது மின்சார சபை. வாரியம் என்பது பொருட்செறிவும் வரலாறும் உடையது. இந்நாட்டார் அதனைக் கைக்கொள்ளாமை ஓர் இழப்பே எனலாம். சபை என்ற சொல் கோவிற் பரிபாலனத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒருங்கே பயன்பட்டுத் தன் கூர்மையை இழந்து நிற்கின்றது. யாழ்ப்பாணத்தாரோ இவ்வழக்காடலுக்குக் காத்திராது 'சி.ரி.பி. பஸ்' என்று சொல்லி ஏறிச் சென்றனர். மூன்றாம் எழுத்துள் மறைந்திருப்பது இப்பலகையே என்று ஏறியவருள் எத்தனைபேர் எண்ணினரோ!

ஏறுதல் என்னும் பொருள்தான் பலகையிலிருந்து எளிதில் வாராதது. அதற்குக் காரணமுண்டு. அரி என்ற ஒலியில் இரு சொற்கள் கலந்தமை போலவே இங்கும் நிகழ்ந்தது. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஓரம், விளிம்பு, கப்பலின் பக்கம் என்னும் பொருளுடைய மற்றொரு சொல் இருந்தது. அது பலகை என்னுஞ் சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தது. கப்பலின் பக்கமும் பலகையால் ஆயதாகலின், இரண்டும் மிக முற்காலத்திலேயே ஒன்றாய்க் கலந்தன. எல்லை என்று பொருள்படும் 'போர்டர்' அவ்விளிம்புச் சொல்லின் வழியே பிரெஞ்சு மொழியூடாக வந்தது. விடுதி மாணவனைக் குறிக்கும் 'போர்டர்' பலகையின் வழியது. கப்பலின் பக்கத்தைக் கடந்து உள்ளே செல்லுதல் கப்பலேறுதல். பின்னர் அதே சொல் புகைவண்டிக்கும் பேருந்துக்கும் விமானத்துக்கும் உரியதாயிற்று. பக்கத்தின் மேலாய் வெளியே வீழ்தல் கடலில் வீழ்தல். அதுவே இன்று அளவு கடந்து செல்வதற்கும் உவமையாய் வழங்குகின்றது. முறிந்த பாய்மரம் பக்கத்தோடு கடலிற் சாய்ந்ததிலிருந்து, கைவிடப்பட்ட திட்டங்களுக்கும் அத்தொடர் ஆயிற்று.

வடகடலோடிகளின் பழைய கப்பல்களிலே சுக்கானுக்குப் பதிலாக ஒரு பெருந்துடுப்பு வலப்பக்கத்திற் கட்டப்பட்டிருந்தது. அப்பக்கம் செலுத்தும் பக்கம் என்னும் பொருளில் 'ஸ்டார்போர்ட்' எனப்பட்டது. அதில் விண்மீன் எதுவுமில்லை; மாணவர் காணும் விண்மீன் ஒலியொற்றுமையால் எழும் மயக்கம். துடுப்பு நசுங்காதிருத்தற்காகக் கப்பலை இடப்பக்கமாகவே கரையில் அணைத்துச் சரக்கேற்றினர். அப்பக்கத்தின் பெயர் 'லார்போர்ட்' என்றாயிற்று. புயலிலும் பேரிரைச்சலிலும் வலம் எது இடம் எது என்று அறியமுடியாதபடி இரு பெயரும் ஒலித்தமையால், 1844ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை நிருவாகம் இடப்பக்கத்துக்குத் துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லையே வழங்குமாறு ஆணையிட்டது. அத்துறைமுகச் சொல்லைத் தமிழில் எழுதின் அதுவும் 'போர்ட்' என்றே வரும். பகரத்தின் இருவேறு ஒலிகளுக்கும் நம் நெடுங்கணக்கில் எழுத்து ஒன்றே. மாலுமிகளின் குழப்பம் தீர்ந்த இடத்திலே தமிழெழுத்தில் வாசிப்போரின் குழப்பம் தொடங்குகின்றது.

சூதாட்ட மேசையிலிருந்து வந்தது, பலகைக்கு மேல் நடத்தல் என்னுந் தொடர். சீட்டாடுவோர் கைகளை மேசைமேல் வைத்திருப்பின் வஞ்சனைக்கு இடமில்லை. ஆகவே அது நேர்மையான நடத்தைக்கு ஆயிற்று. கிண்ணங்களை அடுக்கிக் காட்டிய திறந்த பலகையே 'கப்போர்ட்' என்பது; அது பின்னர்க் கதவு பெற்று மூடிக்கொண்டது. ஒலிப்பிலும் 'கபட்' எனக் குறுகிற்று. யாழ்ப்பாணத்தார் அதனை அலுமாரி என்பர். அது போர்த்துக்கேயச் சொல். அதன் இலத்தீன் மூலம் ஆயுதம் வைக்கும் இடம். ஒரே மரப்பெட்டிக்கு ஆங்கிலேயன் கிண்ணத்தாற் பெயரிட்டான்; நாம் வாளாற் பெயரிட்டுள்ளோம்.

இவ்வாறு நோக்கின் தமிழாக்குவோன் இச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை நாடுதல் வீண்முயற்சி. உணவு, சபை, ஏறுதல், விடுதி என இடந்தோறும் வெவ்வேறு சொல் வேண்டும். ஆயினும் அண்மைக் காலத்துக் கலைச்சொல்லாக்கத்திலே பலகை மீண்டும் தலைகாட்டியுள்ளது. கணினியின் உள்ளே உள்ளது தாய்ப்பலகை. எழுத்துகளைத் தட்டுவது விசைப்பலகை. விசைப்பலகையின் ஆங்கிலப் பெயர் இசைக்கருவிகளிலிருந்து வந்தது. அங்கே விசைகள் உண்மையாகவே மரத்தில் அமைந்திருந்தன. இப்போது கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையிலே எழுத்துகளின் நிழல் தோன்ற, அதனைத் தொட்டு எழுதும் மாணவனும் விசைப்பலகை என்றே சொல்கின்றான். அங்கே விசையுமில்லை, பலகையுமில்லை. எனினும் அவன் எழுதுவது எழுதப்படுகின்றது.