பிங்கா ஓயாவுக்கும் ஒரு பேரேடு

அக்குறணையில் கடை வைத்திருப்பவர்களுக்கு மழையின் கணக்கு மனப்பாடம். மேலே மலைப்பக்கம் இரண்டு மணித்தியாலம் விடாமல் பெய்தால், கீழ்த்தட்டில் இருக்கும் மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிட வேண்டும். பிந்தினால் பிங்கா ஓயாவும் ஏ-9 பாதையும் ஒன்றாகிவிடும்.

ஒரு தடவை நான் பிந்திவிட்டேன். சீனி, பருப்பு, கோதுமை மா என்று முப்பதுக்கு மேற்பட்ட மூட்டைகள் போயின. தண்ணீர் வடிந்ததும் பையன்மாரோடு நானும் மண்வெட்டி எடுத்துச் சேறு அள்ளினேன். பின்கதவு மூலையில் சொப்பிங் பேக் கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. ஒன்றைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். அதில் இருந்தது என் கடையின் பெயர். பெயருக்குக் கீழே இருந்த தொலைபேசி இலக்கம் நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய இலக்கம். அப்படியென்றால் அந்தப் பேக் என் கடையிலிருந்து போய் எத்தனையோ வருடமாகிறது. இவ்வளவு காலமும் எங்கேயோ ஒரு கானில் அடைத்துக்கொண்டு கிடந்துவிட்டு, வெள்ளத்தோடு உரிமையாளரைத் தேடி வந்திருக்கிறது!

அதுவரை எனது நட்டத்துக்கு நான் மழையையும் பிரதேச சபையையும் தவிர வேறு யாரையும் குறை சொன்னதில்லை.

நீரேந்து பிரதேசம் என்ற சொல்லை நம்மில் பலர் பாடசாலையோடு மறந்திருப்போம். விஷயம் இலேசானது. ஒரு கூரையின் எந்த ஓட்டில் மழை விழுந்தாலும் ஒரே பீலிக்குத்தானே வந்து சேருகிறது? அது போல, எந்தெந்த மேட்டிலும் பள்ளத்திலும் விழும் தண்ணீர் கடைசியில் ஒரே ஆற்றுக்கு வருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அந்த ஆற்றின் நீரேந்து பிரதேசம். ஆகவே "என் கடை ஓயாவிலிருந்து அரை மைல் தள்ளி" என்பது பதிலாகாது. மலை உச்சியில் வாகனம் கழுவுபவரும், நடுவில் கோழி அறுப்பவரும், கரையில் சாப்பாட்டுக் கடை நடத்துபவரும் ஒரே பீலியின் பங்காளிகள்.

அந்தப் பீலி எங்கே போகிறது என்பதையும் பார்ப்போம். பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் விழுகிறது. அங்கிருந்து பொல்கொல்ல அணைக்கட்டு. 1976 முதல் அங்கே தண்ணீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்கும், பிறகு போவதென்னை வழியாக கலாவெவ வரைக்கும் திருப்பப்படுகிறது. அந்தத் தண்ணீரில் விளைகிற நெல்லைத்தான் அரிசியாக்கி நாம் மூட்டை மூட்டையாக இறக்கி விற்கிறோம். நாம் அனுப்பியது சுற்றிக்கொண்டு நம் கடைக்கே வருகிறது.

கண்டி நகரத்து வியாபாரிகள் இதைப் படித்துவிட்டு அக்குறணைக்காரரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு மெத எல இருக்கிறது. கண்டி வாவியிலிருந்து வழியும் தண்ணீரோடு புறப்பட்டு, சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் பக்கத்தால் நகரத்தின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு, முல்கம்பொல கடந்து கெட்டம்பேயில் மகாவலியோடு சேருகிறது. அதற்குக் கீழேதான் கட்டுகஸ்தோட்டையில் கண்டிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் குடிதண்ணீர் எடுக்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையம். 1999 இல் வாவியே பச்சைப் பாசி படர்ந்து நாறியதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிவில் இருக்கும் உரச்சத்துத்தான் பாசிக்குச் சாப்பாடு.

சரி, ஓர் ஆற்றில் எவ்வளவு அழுக்குச் சேருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேராதனைப் பல்கலைக்கழகத்தார் பிங்கா ஓயாவிலும் மெத எலவிலும் பல தடவை மாதிரி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் செய்வதை விளங்கிக்கொண்டபோது, இது நாம் தினமும் செய்கிற வேலைதானே என்று எனக்குத் தோன்றியது. லாச்சியில் காசு குறைந்தால் என்ன செய்வோம்? காலையில் எவ்வளவு, மத்தியானம் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று நேரம் நேரமாகப் பார்த்து, எந்த இடத்தில் ஓட்டை என்று பிடிப்போம். ஆற்றிலும் அப்படியே. டவுனுக்கு மேலே ஒரு போத்தல் தண்ணீர், டவுனுக்குள் ஒன்று, கீழே ஒன்று. கிளைக் கான்கள் வந்து விழும் ஒவ்வொரு வாயிலும் ஒன்று. வெயில் காலத்தில் ஒரு முறை, மழைக் காலத்தில் ஒரு முறை.

போத்தலில் பார்ப்பது பல விஷயம் என்றாலும், முக்கியமானது பி.ஓ.டி. என்பது. தண்ணீரில் விழுந்த சோறு, கொழுப்பு, இரத்தம், மலம் எல்லாவற்றையும் கிருமிகள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனைச் செலவழிக்கின்றன. 20 பாகை வெப்பத்தில் 5 நாட்களில் எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்பதே அந்த எண். எண் கூடினால் மீனுக்கு மூச்சில்லை, தண்ணீர் கறுக்கும், நாறும். ஆற்றில் விடும் கழிவுநீரில் இது லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2008 பெப்ரவரி வர்த்தமானி சொல்கிறது.

ஆனால் எண் மட்டும் போதாது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதும் வேண்டும். விலை தெரிந்து அளவு தெரியாவிட்டால் பில் போட முடியுமா? இதற்கு ஒரு தேசிக்காய் போதும். நேராக ஓடும் இடத்தில் 20 மீற்றர் அளந்து, தேசிக்காயை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, 40 செக்கனில் போனால் செக்கனுக்கு அரை மீற்றர். மேல்தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடுவதால் அதில் 15 வீதம் கழிவு கொடுக்க வேண்டும். அகலம் 5 மீற்றர், ஆழம் 40 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு 850 லீற்றர் வரும். இப்போது டவுனுக்கு மேலே பி.ஓ.டி. 3, கீழே 8 என்று வைத்துக்கொள்வோம். வெறும் 5 மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், 367 கிலோ! அந்த 367 கிலோவும் அந்த டவுனின் பின்கதவுகளால் போனது. எந்தெந்தக் கதவால் எத்தனை கிலோ என்று எழுதிவிட்டால் பேரேடு முடிந்தது. பெரிய எண் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பதாகை கட்டி, ஒரு நாள் சிரமதானம் செய்து, படம் பிடித்துக்கொண்டு கலைவதில் எனக்கு நம்பிக்கை விட்டுப் போய்விட்டது.

நமது சமூகத்தவர் அதிகம் செய்யும் ஒரு தொழிலை எடுப்போம், கோழிக்கடை. ஒரு லீற்றர் இரத்தத்தின் பி.ஓ.டி. ஒன்றரை இலட்சம் மில்லிகிராமுக்குக் குறையாது. அதை 30 க்கு இறக்க வேண்டுமானால் 5,000 லீற்றர், அதாவது ஒரு பெரிய பவுசர் சுத்தமான தண்ணீர் கலக்க வேண்டும். நூறு கோழி அறுத்தால் ஏழு லீற்றர் அளவில் இரத்தம் வரும். அதைக் கானில் கழுவி விடுவதும், இருபது பேர் ஒரு நாள் முழுக்கக் கழிப்பதை நேராக ஓயாவில் விடுவதும் ஏறக்குறைய ஒன்றே. இதற்கு இயந்திரம் தேவையில்லை. அறுக்குமிடத்தில் ஒரு சரிவுத் தட்டும் ஒரு வாளியும் வைத்து, இரத்தத்தைத் தண்ணீர் படாமல் தனியாக எடுத்தால் அழுக்கின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். குழியில் மண்ணோடும் உமியோடும் சேர்த்தால் தென்னைக்கு உரம். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் சுத்தம் என்பது நம் பழக்கம். கடை சுத்தமாகிறது, அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

எனது தம்பி கட்டுக்கலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். நாளைக்கு 2,000 லீற்றர் தண்ணீராவது சமையலறையால் போகும். நெய்ச்சோறும் குழம்பும் கழுவிய தண்ணீரில் பி.ஓ.டி. 1,000 என்று வைத்தால் 2 கிலோ. சட்டப்படி போகக்கூடியது 60 கிராம். இதைச் சொன்னபோது அவர் கேட்டார்:

"நானா, எல்லாரும் இப்பிடித்தானே விடுறாங்க. நான் மட்டும் மறிச்சு என்னத்துக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு வாணியம்பாடியின் கதையைச் சொன்னேன். தோல் வியாபாரத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு அந்த ஊர் தெரியும். தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்கள். முதலாளிமாரில் நிறையப் பேர் நம்மவர்கள். அங்கேயும் எல்லாரும்தான் விட்டார்கள். கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேயர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று நீதிமன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டது. 1996 ஒகஸ்ட் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபா அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவர்கள் மூட வேண்டும், கெடுத்தவரே நட்டஈடும் கட்ட வேண்டும் என்றது. அதோடு முடிந்ததா? 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருடத்துக் கடன் இது, இன்னும் நிலுவையில் நிற்கிறது.

நமது நாட்டிலும் இந்தச் சட்டம் வந்துவிட்டது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் நமது உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டமும், 1988 திருத்தத்தோடு வந்த சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் பெரிய தொழிற்சாலைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். சிறிய தொழில்கள் பலவற்றுக்கும் அது வேண்டும். வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கண்டி நகரத்துக்கு 2010 இல் ஜப்பானின் ஜைக்கா கடனில் ஒரு கழிவுநீர்த் திட்டம் ஒப்பந்தமாகி, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. "அப்படியென்றால் பைப்பில் விட்டால் போதுமே" என்றார் தம்பி. போதாது. சூடாகப் போகும் கொழுப்பு பைப்புக்குள் ஆறி இறுகி அடைத்துக்கொள்ளும். முதலில் பொங்குவது அவரது சொந்தச் சமையலறைதான். அக்குறணைக்கோ அந்தப் பைப்பும் இல்லை. எங்கள் டவுனில் ஓயாவின் ஒதுக்கு நிலத்திலேயே கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. மலசலகூடக் குழிக்கும் ஓயாவுக்கும் இடையில் சில இடங்களில் ஒரு சுவர்தான். இதை எழுதினால் சில நண்பர்கள் கோபிப்பார்கள். எனது பின்சுவரும் ஓயாவுக்கு எட்ட நிற்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கடைசியில் தம்பி சம்மதித்தார். பாத்திரம் கழுவுமுன் மீதியைச் சுரண்டித் தனி வாளியில் போட இரண்டு ரப்பர் கரண்டி. தொட்டியின் வாயில் ஒரு வலை. வெளியே மூன்று அறையாகத் தடுத்த ஒரு சீமெந்துத் தொட்டி. முதல் அறையில் சோறு தங்கும், இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், மூன்றாவதிலிருந்து அடித்தண்ணீர் மட்டும் போகும். கொத்தனார் கூலியோடு வந்த செலவு, எனக்கு அந்த வெள்ளத்தில் போன சீனி மூட்டைகளின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை. நானும் பெயர் அச்சடித்த பேக்கை நிறுத்திவிட்டேன். பழைய வாடிக்கையாளர் சிலர் முணுமுணுத்தார்கள், பிறகு பையோடு வரத் தொடங்கினார்கள். எல்லாரும் அல்ல. லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதல் தடை. ஆனாலும் கேட்டால் எடுத்துத் தரும் கடைகள் எங்கள் டவுனில் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது தம்பிக்கு வேறொரு தலையிடி. இரண்டாவது அறையிலிருந்து கிழமைக்கு ஒன்றரை வாளி கொழுப்பு அள்ளுகிறார். அதைக் குப்பை லொறி எடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் மூவர் இதைப் போலத் தொட்டி கட்டினால், நால்வரும் சேர்ந்து மாதம் ஒரு முறை ஆள் வைத்து எடுப்பிக்கலாம் என்று அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் சரி என்றிருக்கிறார். மற்ற இருவரும் நோன்புப் பெருநாள் கழியட்டும் என்கிறார்களாம்.