ஏரி சூழ் நிலம்

நுழையும்முன்

நிலம் என்பது அளந்து விற்கப்படும் பரப்பு மட்டுமன்று. மழையை ஏற்று, தேக்கி, பகிர்ந்தளிக்கும் அமைப்பும் ஆகும். மக்களுக்குத் தொழிலும் வேண்டும். ஊரைக் காக்கும் நீர்நிலைகளும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிலைபெறும் வழியைச் சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

ஏரிகளின் நாடு

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள் அடங்கிய பகுதி ‘ஏரி மாவட்டம்’ என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கில்லை. ஆதலால், சில திங்களில் பெய்து ஓயும் மழையைத் தேக்கிவைக்க முன்னோர் ஏரிகளை வெட்டினர். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் மிகைநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியைச் சேரும். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரிகளைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ இயங்கியதை எடுத்துரைக்கின்றன.

தொழில் வந்த வழி

குடைவரையில் அமைந்த நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் சிங்கப்பெருமாள் கோவில். தொடர்வண்டிப் பாதையும் பெருஞ்சாலையும் இவ்வூரைச் சென்னையோடு இணைக்கின்றன. இங்கிருந்து பிரியும் சாலை ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. 1990களின் இறுதி முதல் மகிழுந்து, மின்னணுப் பொருள் ஆலைகள் இத்தடத்தில் பெருகின. பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கு வேலை பெற்றனர். இந்நன்மையை மறுக்க இயலாது. எனினும், ஆலைகளைத் தொடர்ந்து கிடங்குகளும் குடியிருப்புகளும் வந்தன, வயல்கள் மனைகளாயின.

மூடாமலே அழியும் ஏரி

ஓர் ஏரியை அழிக்க அதனை மண்ணிட்டு மூடவேண்டியதில்லை. அதன் வரத்துக் கால்வாயைத் தடுத்தாலே போதும். வரைபடத்தில் ஏரி இருக்கும்; கரையும் மதகும் இருக்கும்; நீர் மட்டும் இராது. ஆயக்கட்டு வயல்கள் மனைகளானபின் மதகைத் திறப்பாரும் தூர்வாரச் சொல்வாரும் குறைவர்.

ஆவணங்களில் ‘தரிசு’ என்றும் ‘மேய்க்கால்’ என்றும் குறிக்கப்படும் நிலங்கள் பயனற்றவையாகத் தோன்றலாம். ஒரு கணக்கைக் காண்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். திறந்த மண் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். எஞ்சியதை மெல்லச் செலுத்தும். கற்காரைத் தளமோ ஏறக்குறைய முழுவதையும் உடனே வெளியேற்றிவிடும்.

அடையாற்றுக்கு நீர் தரும் ஏரிகள் ஆதனூர், மணிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. 2015 திசம்பரில் அவ்வாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர் முதல் சென்னை வரை குடியிருப்புகள் நீரில் மூழ்கின. மேட்டில் உள்ள ஊரின் நிலம், தாழ்விலுள்ள நகரின் பாதுகாப்பும் ஆகும் என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது.

காத்தவர் காட்டிய வழி

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்துவருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியை மட்டும் காத்தால் போதாது, பறவை இரைதேடும் வயல்களையும் காக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை. 2020இல் அவ்வெல்லைக்குள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன்மொழிவு எழுந்தபோது மக்களும் சூழலியலாளரும் எதிர்த்துக் குரலெழுப்பினர்.

இலண்டன் மாநகரம் எல்லையின்றி விரிவதைத் தடுக்க, அதனைச் சுற்றியுள்ள நிலங்களைப் ‘பசுமை வளையமாக’க் காக்கும் சட்டம் 1938இல் இயற்றப்பட்டது. அங்கு வீட்டுவிலை உயர்வுக்கு இவ்வளையமும் ஒரு காரணம் என்னும் குறைகூறலும் உண்டு. ஆகவே, நமக்கு வேண்டியது கண்மூடித்தனமான தடையன்று. எங்குக் கட்டலாம், எங்குக் கட்டலாகாது என்னும் தெளிவே. ஆலையை இடம்மாற்றி அமைக்கலாம்; நீர்வழியை அவ்வாறு மாற்றுதல் அரிது.

> தெரிந்து தெளிவோம்
> • தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் – 2007
> • காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் – 2020
> • இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை – அரசமைப்புச் சட்டம், பிரிவு 51அ(எ)

நம் பொறுப்பு

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 2022இல் 1,189 சதுர கி.மீ. என்பதிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்பட்டது. நகர எல்லை விரியும்போது முதலில் வரையப்பட வேண்டியவை ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் ஆகும். சாலையும் மனையும் அவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். ஊராட்சிகளில் கிராமசபை கூடும்போது, தம் ஊரின் நீர்வழிகள் எவை, அவை எந்நிலையில் உள்ளன என்று வினவும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் அவ்வுரிமையைப் பெறவிருக்கும் மாணவர்கள், அதற்கு முன்பே தம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் வரைக.
2. ‘தொழில் வளர்ச்சியும் நீர்நிலைப் பாதுகாப்பும்’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.