பாக்ஸ்ல 350 வாட், காதுக்கு எவ்வளவு?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின மெசேஜ். "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கியிருக்கேன். முன் கதவு ஸ்பீக்கர் ரெண்டும் கிழிஞ்சிருக்கு. கடையில ஒரு செட் 350 வாட், இன்னொரு செட் 180 வாட். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். 350-ஐயே எடுத்துடலாம்ல?" இதுதான் கேள்வி.

என் பதில்: அந்த நம்பரை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல ஒரு அடிப்படை. ஸ்பீக்கர் மேல போட்டிருக்கிற வாட், அது எவ்வளவு சத்தம் கொடுக்கும்னு சொல்ற அளவே இல்லை. எவ்வளவு பவரைத் தாங்கும்னு சொல்ற அளவு. லிஃப்ட்ல '8 பேர்'னு எழுதியிருந்தா, அது வேகமா போகும்னு யாரும் நினைக்க மாட்டோம் இல்லையா? அதே கதைதான். ஸ்பீக்கர் தானா எந்த பவரையும் உருவாக்காது. ஆம்ப்ளிஃபையர் கொடுக்கிறதை வாங்கி, அதுல ரொம்பச் சின்னப் பங்கை மட்டும் சத்தமா மாத்தும். மீதி பெரும்பாலும் உள்ளே இருக்கிற வாய்ஸ் காயில்ல சூடா போயிடும். அந்தச் சூடு அளவு மீறினா காயில் கருகிடும்.

அந்தத் தாங்குற திறனுக்கும் ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு பீக், இல்லைன்னா மேக்ஸ். ஒரு டிரம் அடி மாதிரி கண நேரம் வந்துட்டுப் போற பவரை எவ்வளவு தாங்கும் என்பது. இன்னொண்ணு ஆர்.எம்.எஸ். மணிக்கணக்கா பாட்டு ஓடும்போது தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது. லேப்டாப் விளம்பரத்துல வர்ற டர்போ ஸ்பீடுக்கும், ஒரு மணி நேரம் வீடியோ ரெண்டர் பண்ணும்போது உண்மையா கிடைக்கிற ஸ்பீடுக்கும் உள்ள வித்தியாசம்தான். பாக்ஸோட முன்பக்கம் பெரிய எழுத்துல இருக்கிறது பெரும்பாலும் பீக். ஆர்.எம்.எஸ். பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். பீக் நம்பரை எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளக்கிறதில்லை. அதனால ரெண்டு பிராண்டோட பீக்கை ஒப்பிடுறதுல அர்த்தமே கிடையாது.

இப்போ பவர் எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம். தனியா ஆம்ப் இல்லாத கார்ல ஸ்பீக்கரை ஓட்டுறது டேஷ்போர்டுல இருக்கிற ஸ்டீரியோதான். அதுல '50 வாட் x 4'னு எழுதியிருக்கும். இந்த 50 எங்கிருந்து வந்துச்சு? எஞ்சின் ஓடும்போது கார்ல கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் வழக்கமா 4 ஓம். வோல்ட்டை வர்க்கமாக்கி ஓமால வகுத்தா பவர். 14.4 x 14.4 / 4 = சுமார் 52 வாட். அவ்வளவுதான் ரகசியம்.

ஆனா இந்த 52 கிடைக்கணும்னா, அலையோட தலையும் காலும் வெட்டுப்பட்டு, முழுச் சதுரமா போகணும். அதைத்தான் கிளிப்பிங்னு சொல்றாங்க. பாட்டு கரகரன்னு கேட்கும், ட்வீட்டருக்கும் ஆபத்து. வளைவு கெடாத சுத்தமான அலைக்கு, கணக்குப்படி அதுல பாதி, 26 வாட்தான் உச்சம். உள்ளே ஆகிற இழப்பையும் கழிச்சா, ஒரு சேனலுக்கு 18-லிருந்து 22 வாட் வரைக்கும் எதிர்பார்க்கலாம்.

நம்பிக்கை வரலைன்னா ஸ்டீரியோ பின்னாடி இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. பலதுல 10 ஆம்பியர்தான் இருக்கும். 14.4 வோல்ட் x 10 ஆம்பியர் = 144 வாட். உள்ளே வர்றதே 144-ன்னா, 50 x 4 = 200 வாட் தொடர்ந்து எப்படி வெளியே போகும்?

அப்போ கையில இருக்கிறது 18 வாட்னு வெச்சுக்குவோம். இங்கதான் யாரும் கண்டுக்காத ஒரு நம்பர் வருது: சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எத்தனை டெசிபல் சத்தம் வருது என்பது. பவரை ரெண்டு மடங்காக்கினா வெறும் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா கேட்கணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும், அதாவது பத்து மடங்கு பவர் வேணும்.

நேயர் சொன்ன ரெண்டு செட்டுக்கும் ஒரு உதாரணக் கணக்கு போடலாம். 350 வாட் பாக்ஸோட பின்பக்கம் ஆர்.எம்.எஸ். 40, சென்சிடிவிட்டி 88 டெசிபல்னு இருக்கு. 180 வாட் பாக்ஸ்ல ஆர்.எம்.எஸ். 60, சென்சிடிவிட்டி 92. ரெண்டுக்கும் அதே 18 வாட் கொடுத்தா, 180 வாட் செட்தான் 4 டெசிபல் அதிகமா பாடும். அந்தச் சத்தத்தை 350 வாட் செட்ல கொண்டு வரணும்னா 45 வாட் கொடுக்கணும். ஆனா அது தொடர்ந்து தாங்குறதே 40 வாட்!

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனி '1 வாட்'னு போடாம '2.83 வோல்ட்'னு போடும். 8 ஓம் ஸ்பீக்கர்ல அது 1 வாட், 4 ஓம்ல அது 2 வாட். அப்போ 3 டெசிபல் கழிச்சுட்டுத்தான் ஒப்பிடணும்.

பின்னாடி தனி ஆம்ப் போடுறதா இருந்தா மூணு விஷயம். ஆம்போட வாட்டைப் பார்க்கும்போது சி.டி.ஏ.-2006 முறைப்படி அளந்ததான்னு பாருங்க. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள்ள டிஸ்டார்ஷன்னு எல்லாரையும் ஒரே தராசுல நிறுத்துற முறை அது. ரெண்டாவது, ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே சேனல்ல பேரலலா மாட்டினா 2 ஓம் ஆயிடும். ஆம்ப் அதைத் தாங்கும்னு மேனுவல்ல இருந்தாத்தான் மாட்டணும். மூணாவது, ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போட்டுடாதீங்க. ஃபியூஸ் இருக்கிறதே ஒயர் சூடாகித் தீப்பிடிக்காம இருக்கத்தான்.

கடைக்குப் போறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடா இருந்தாலும் சரி, உங்க ஏரியா கடையா இருந்தாலும் சரி, பாக்ஸைத் திருப்பிப் பார்த்துட்டு, "அண்ணா, ஆர்.எம்.எஸ். எவ்வளவு, சென்சிடிவிட்டி எவ்வளவு, எத்தனை ஓம்?"னு கேளுங்க. ஸ்டீரியோவுல நேரா மாட்டப் போறீங்கன்னா, ஆர்.எம்.எஸ். 30, 40 இருந்தாலே தாராளம். மிச்சக் காசை சென்சிடிவிட்டி அதிகமா இருக்கிற செட்டுக்குச் செலவு பண்ணுங்க. அந்த ரெண்டு பாக்ஸோட பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க ப்ரோ, உண்மையான நம்பரை வெச்சு அடுத்த எபிசோடுல கணக்கு போட்டுடலாம்.