ஒரே அடுக்களை, வெவ்வேறு சட்டங்கள்: உணவுப் பொட்டலத்தின் மேல் எழுதவேண்டியவை

மும்பை மாநகரின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. தாராவியின் சந்துகளில் விடியுமுன் அவிக்கப்படும் இட்லி, பாத்திரங்களில் ஏற்றப்பட்டு நகரின் பல பாகங்களுக்கும் செல்கின்றது. வீடுகளிலே முறுக்குப் பிழிந்து பொட்டலமிடுவது பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயம். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கடைகளில் இட்லி மாவு, சாம்பார்ப் பொடி, அப்பளம், ஊறுகாய் முதலியன விற்பனையாகின்றன.

இவற்றைத் தயாரிப்போர் கள ஊழியரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் சரக்கின் மேல் என்ன எழுத வேண்டும்? எந்தச் சட்டம் எங்களைச் சேரும்?" என்பதே அது. இதற்கு ஒரே விடை கிடையாது. சட்டம் தயாரிப்பாளரை மட்டும் பார்த்துப் பொருந்துவதில்லை. ஒவ்வொரு பண்டத்தின் தன்மையையும், அது விற்கப்படும் முறையையும் பார்த்தே பொருந்துகின்றது. இதனை விளக்குவதற்கு, இட்லி, இட்லி மாவு, முறுக்கு, சாம்பார்ப் பொடி, லேகியம் ஆகிய ஐந்தையும் ஒரே அடுக்களையில் செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

சட்டங்கள் வந்த வழி

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1955 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அதே 1955-ல் பழப் பண்டங்களுக்கும் ஊறுகாய்க்கும் தனி ஆணை பிறந்தது. பின்னர் இறைச்சிக்கு 1973-லும், பாலுக்கு 1992-லும் தனித்தனி ஆணைகள் ஏற்பட்டன. ஆகவே ஒரே தயாரிப்பாளர் பல இலாகாக்களின் வாயிலில் நிற்க நேர்ந்தது. இவ்வாணைகளையெல்லாம் ஒருங்கு சேர்த்து, 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் உருவாயிற்று. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. லேபிளைப் பற்றிய விதிகள் 2020-ல் புதிதாக வகுக்கப்பெற்றன. பழைய ஊறுகாய்ப் பாட்டில்களில் காணப்பட்ட முத்திரை எண்ணை இன்றும் அச்சிடுவதாற் பயன் ஒன்றுமில்லை. அந்த ஆணை இப்பொழுது இல்லை.

எனினும், ஒரு சட்டம் வந்துவிட்டதால் மற்றவை யாவும் மறைந்துவிட்டன என்று எண்ணலாகாது. எடை, அளவு, விலை ஆகியவற்றை 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவைச் சட்டமும், பொட்டலப் பண்டங்களுக்கான 2011-ம் ஆண்டு விதிகளும் ஆளுகின்றன. மருந்துகளை 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம் ஆளுகின்றது.

முதற் கேள்வி: இது உணவா, மருந்தா?

நம் குடும்பத்தின் ஐந்து பண்டங்களில் லேகியத்தை முதலில் பிரித்து வைக்கவேண்டும். ஒரு நோய்க்குச் சித்த அல்லது ஆயுர்வேத மருந்தென்று விற்கப்படும் லேகியம் உணவுச் சட்டத்தின்கீழ் வருவதன்று. அதற்கு மருந்துச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், லேபிளும் அச்சட்டப்படியே அமைதல் வேண்டும்.

இதன் மறுபக்கமும் முக்கியமானது. உணவாக விற்கப்படும் பொடியின் மேல் "நீரிழிவைத் தீர்க்கும்" என்றோ "மூட்டு வலியைப் போக்கும்" என்றோ அச்சிடக்கூடாது. நோயைத் தடுக்கும், தீர்க்கும் என உணவைப் பற்றிக் கூறுவதை 2018-ம் ஆண்டின் விளம்பர விதிகள் தடை செய்கின்றன. இவ்வாசகத்தை நம்பி ஒருவர் தாம் உட்கொண்டுவரும் மருந்தை நிறுத்திவிடுவாரானால் விளையும் தீங்கை விவரிக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் கேள்வி: பொட்டலமா, அல்லவா?

திறந்த பாத்திரத்திலிருந்து வாங்குபவர் முன்னிலையில் எடுத்துத் தரப்படும் இட்லிக்கு லேபிள் கிடையாது. பிரிக்காமல் உள்ளிருக்கும் பொருளை மாற்ற முடியாதவாறு கட்டி, விற்பனைக்கு ஆயத்தமாய் வைக்கப்பட்ட உணவே பொட்டல உணவாகும். ஆனால், லேபிள் இல்லை என்பதனால் சட்டமே இல்லை என்று கொள்ளலாகாது. தெருவில் விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுத்தம் பற்றிய நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். செய்தித்தாளில் உணவை மடித்துத் தருதல் 2018-ம் ஆண்டின் பொதிதல் விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. அச்சு மையிலுள்ள இரசாயனப் பொருள்கள், சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த உணவில் எளிதில் ஊறிவிடும்.

அதே அரிசியும் உளுந்தும் மாவாக அரைக்கப்பட்டு, பையில் அடைத்து ஒட்டப்பட்டவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. இட்லி மாவுப் பை பொட்டல உணவு. அதற்கு லேபிள் அவசியம். ஏழு நாட்களுக்கு மேற்படாமல் நிற்கும் உணவில் தயாரித்த தேதியை விட்டுவிடலாம். ஆனால், எந்நாளுக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதை விடமுடியாது. மாவு புளித்துக்கொண்டேயிருக்கும் பண்டமாதலின், இத்தேதியே வாங்குபவருக்கு மிகவும் வேண்டப்படுவது.

முறுக்குப் பொட்டலத்தின் மேல்

முறுக்கை எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தின் மேல் வியாபாரப் பெயர் மட்டும் போதாது. உள்ளே இருப்பது இன்னதென்று தெளிவாகத் தெரியவேண்டும். சேர்மானங்களை, எடையில் மிகுந்தது முதலாகவும் குறைந்தது கடைசியாகவும் வரிசைப்படுத்த வேண்டும். "தாவர எண்ணெய்" என்று பொதுவாகச் சொல்லாமல், பாமாயில், கடலை எண்ணெய் என அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். தயாரிப்பாளரின் முழு விலாசம், பதினான்கு இலக்கமுள்ள உரிம அல்லது பதிவு எண், தொகுதி எண், தேதிகள் ஆகியவையும் இடம்பெற வேண்டும்.

சைவ உணவாயின் பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டமும், அசைவமாயின் பழுப்புச் சதுரத்தினுள் பழுப்பு முக்கோணமும் வேண்டும். அசைவக் குறியிலும் முன்பு வட்டமே இருந்தது. நிறம் பிரித்தறிய இயலாதோரும் வடிவத்தைக் கொண்டே அறிந்துகொள்ளுமாறு முக்கோணம் இப்போது உதவுகின்றது.

போஷாக்கு விவரத்தில் சக்தி, புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் முதலியவற்றின் அளவு வரவேண்டும். ஒருமுறை உண்ணும் பங்கு, நாளைய தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் குறிப்பிட்ட சிலவற்றிற்கு வேண்டும். இக்கணக்கில் ஒரு நாளைய கொழுப்பு 67 கிராம் எனக் கொள்ளப்படுகின்றது. ஒரு பங்கு முறுக்கில் 9 கிராம் கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், அது நாளைய அளவில் சுமார் 13 சதவீதமாகும்.

எடையளவைச் சட்டத்தின்படி நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, நுகர்வோர் புகார் தெரிவிக்கும் விலாசம் ஆகியவை வேண்டும். இவற்றுடன் அலகு விலையும் சேரும். 200 கிராம் முறுக்கு 60 ரூபாயாயின், கிராமுக்கு 30 காசு என்று எழுதவேண்டும். பெரிய பொட்டலம் உண்மையில் மலிவுதானா என்பதை இதனால் எவரும் ஒப்பிட்டறியலாம்.

பொட்டலம் மிகச் சிறியதாயின் சலுகைகள் உண்டு. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாதபோது, சேர்மானப் பட்டியல், போஷாக்கு விவரம் முதலியவற்றை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிட வேண்டுவதில்லை. பல பொட்டலங்களை உள்ளடக்கிய பெரிய உறையின் மேல் அவை இருக்கவேண்டும்.

ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

சாம்பார்ப் பொடியில் பெரும்பாலோர் கவனியாத ஒரு விஷயம் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் தூய பெருங்காயமன்று. அதனுடன் பிசினும் மாவும் கலந்திருக்கும். அம்மாவு பெரும்பாலும் கோதுமையாக இருக்கின்றது. ஆதலால், மிளகாய், மல்லி, பருப்பு மட்டுமே உள்ளதாக நாம் கருதும் பொடியில் கோதுமையும் புகுந்துவிடுகின்றது.

இதனால் என்ன என்று கேட்கலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை ஏற்காத சீலியாக் நோயுள்ள குழந்தைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு இப்புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கின்றது. உண்ணும் உணவின் சத்து உடலிற் சேராமற் போகின்றது. குழந்தை மெலிந்து வளர்ச்சி குன்றுகின்றது. கோதுமையை அறவே நீக்கிச் சோறும் சாம்பாரும் ஊட்டும் தாய், நோய் ஏன் தணியவில்லை என்று திகைப்பாள். அவளுக்கு உதவக்கூடியது அப்பொடிப் பையின் மேலுள்ள ஒரு வரிதான்.

கூட்டுச் சேர்மானம் ஒன்று மொத்தத்தில் ஐந்து சதவீதத்திற்குக் குறைந்திருப்பின், அதன் உட்பொருள்களை விரிவாகக் கூறவேண்டுவதில்லை என்று ஒரு சலுகை உள்ளது. அச்சலுகையைக் காட்டி ஒவ்வாமைப் பொருளை மறைக்க முடியாது. குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டு ஆகியவை இருப்பின் தனியே அறிவிக்க வேண்டும். முறுக்கு மாவில் வெண்ணெய் சேர்ப்பவர் "பால் உள்ளது" என்று எழுதவேண்டும்.

மொழியும் உரிமமும்

தமிழில் மட்டும் அச்சிட்ட லேபிள் சட்டத்தைத் திருப்தி செய்வதில்லை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்கவேண்டும்; தமிழும் மராட்டியும் கூடுதலாக இருக்கலாம். வெளிநாட்டிற்கு அனுப்பும் அப்பளத்திற்கு, அது விற்கப்படும் நாட்டின் விதிகளையும் பார்த்தாக வேண்டும்.

சிறு தயாரிப்பாளருக்குப் பதிவும், பெரியவருக்கு மாநில அல்லது மத்திய உரிமமும் ஏற்பட்டுள்ளன. விற்றுமுதல் வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவனவாதலால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள வரம்பையே பார்க்கவேண்டும். பதிவு பெற்ற சிறு தயாரிப்பாளருக்கும் லேபிள் விதிகள் பொருந்தும் என்பதை மறக்கலாகாது. மகாராஷ்டிர அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தலைமை அலுவலகம், தாராவிக்கு அண்மையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ளது.

தவறாக லேபிளிட்ட உணவுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு மூன்று இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது; தவறைத் திருத்துமாறு ஆணையிடவும் இடமுண்டு. ஒரு சிறு குடும்பம் இத்தொகையைத் தாங்குவது அரிது. ஆயிரக்கணக்கில் பைகளை அச்சிட்டபின் திருத்துவதைவிட, அச்சிடுமுன் ஒருமுறை சரிபார்ப்பது எளிது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

கள ஊழியர் ஒவ்வொரு பண்டத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். இது உணவா, மருந்தா? பொட்டலமா, சில்லறையா? எத்தனை நாள் நிற்கும்? பொட்டலத்தின் பரப்பும் எடையும் எவ்வளவு? எங்கே விற்கப்படும்? இவற்றிற்கு விடை கிடைத்தால் பொருந்தும் விதிகளும் தாமே தெளிவாகும். பின்னர், வாங்கிச் சேர்க்கும் ஒவ்வொரு சரக்கின் லேபிளையும் படித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். பெருங்காய டப்பியைப் படிக்காதவர் சாம்பார்ப் பொடியின் லேபிளைச் சரியாக எழுத முடியாது.

ஆசிரியர்கள், மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு காலி உறையைக் கொண்டுவருமாறு கூறலாம். நிகர எடையையும் அலகு விலையையும் கணக்குப் பாடத்திலும், போஷாக்கு விவரத்தை விஞ்ஞான பாடத்திலும் உபயோகிக்கலாம். தாயும் தந்தையும் முறுக்குப் பிழிந்து விற்கும் வீட்டுப் பிள்ளை, அன்று மாலையே தன் வீட்டுப் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கும்.