யாரும் கேட்காத கார்கள்

சிதம்பரத்தின் நான்கு பெரிய வீதிகளும் தேர் ஓடுவதற்காக அமைந்தவை, அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றிலிருந்து பிரியும் தெருக்களில் எதிரே ஓர் ஆட்டோ வந்தாலே யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். கடலூர் முதுநகரின் பழைய கடைத்தெருக்களும் அப்படித்தான். இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான சுமார் 45 கி.மீ. சாலையில் பல ஆண்டுகளாகப் போய்வருபவன் என்ற முறையில் எனக்கொரு பழக்கம் உண்டு. ஓரமாக நிற்கும் பழைய ஹேட்ச்பேக் கார்களைக் கவனிப்பேன். மாருதி 800, சான்ட்ரோ போன்று வெற்றி பெற்றவற்றை அல்ல. போதிய அளவுக்கு விலைபோகாமல் மறைந்தவற்றை.

தனியாக டிக்கி இல்லாமல், ஆட்கள் அமரும் இடமும் பொருள் வைக்கும் இடமும் ஒரே அறையாக இருந்து, பின்புறம் கண்ணாடியோடு சேர்த்து மேல்நோக்கித் திறக்கும் கதவு கொண்டதே ஹேட்ச்பேக். பிரான்ஸில் 1961-இல் வெளிவந்த ரெனோ 4 இந்த அமைப்பைப் பரவலாக்கிய கார்களில் முக்கியமானது. பின்னிருக்கையை மடித்துவிட்டால் அரிசி மூட்டையும் ஏறும், கல்யாண வீட்டுப் பாத்திரமும் ஏறும்.

இந்த வரையறைக்கே அடங்காத ஹேட்ச்பேக் ஒன்று நம் நாட்டில் ஓடியது. 2009-இல் வந்த டாடா நானோவின் பின்புறத்தைப் பார்த்தால் கதவுபோலத்தான் இருக்கும். ஆனால், அது திறக்காது! பின்னால் இருந்த இடத்தை இரண்டு சிலிண்டர் என்ஜினும் பகிர்ந்துகொண்டது. பொருள் வைக்க வேண்டுமானால் உள்ளிருந்தபடி இருக்கையை மடிக்க வேண்டும். திறக்கும் கதவு 2015-இல்தான் வந்தது. குறுகிய தெருவில் அந்தக் கார் திரும்பும் லாகவத்துக்கு இணை அரிது. 'மலிவான கார்' என்ற முத்திரைதான் அதைக் கெடுத்தது என்பதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். மலிவானது என்று பெயர் வாங்கிய பொருளை வாசலில் நிறுத்த நம்மவர்களுக்குத் தயக்கம்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1980-களின் தொடக்கத்தில், பெங்களூரின் சிபானி நிறுவனம் 'டால்ஃபின்' என்ற காரை விற்றது. பிரிட்டனின் ரிலையண்ட் கிட்டனைத் தழுவிய அதன் உடல் முழுவதும் கண்ணாடியிழை. உப்புக் காற்றில் கதவின் அடிப்பகுதி அரித்துப்போகும் கடலூர் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உடல் ஏது? (சட்டகம் என்னவோ இரும்புதான்.) 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, டால்ஃபினைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர்டு ஃபியூஷன். 2004-இன் இறுதியில் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்தது. ஹேட்ச்பேக்தான், ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. உயரம், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின். இது காரா, ஜீப்பா என்று வாங்குவோர் குழம்பினார்கள். குழப்பத்தைத் தாண்டியிருக்கலாம், வரியைத் தாண்ட முடியவில்லை. 2006 மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலில் 1,200 சி.சி.க்கும் டீசலில் 1,500 சி.சி.க்கும் மிகாத என்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. ஃபியூஷன் என்ஜினிலும் தோற்றது. நீளத்திலும் ஓரிரு சென்டிமீட்டரில் தோற்றது. அதே ஆலையில் உருவாகி 2013-இல் விற்பனைக்கு வந்த எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மி.மீ.! உயரமான சிறிய கார் என்ற அதே எண்ணம், இம்முறை அமோகமாக விற்றது. 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த கடலூர் மாவட்டத்தாருக்கு, தரையிலிருந்து 20 செ.மீ. உயரம் என்பதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டேவூ மாட்டிஸின் கதை வேறு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோவின் நிறுவனம் ஃபியட்டுக்காக வரைந்து, ஃபியட் வேண்டாமென்றதால் கொரியாவுக்குப் போன வடிவம் அது. 1998-இல், சான்ட்ரோ வந்த அதே ஆண்டில், இங்கும் வந்தது. இரண்டில் மாட்டிஸே அழகு என்று இன்றும் வாதிடுவேன். ஆனால், தாய் நிறுவனமே திவாலாயிற்று. 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் சொத்துகளை வாங்கியபோது, இந்திய ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாங்கியவர்களின் கையில் கார் மட்டும் எஞ்சியது. மாட்டிஸின் அடுத்த தலைமுறையை 'ஸ்பார்க்' என்ற பெயரில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் 2017 இறுதியில் இந்தியச் சந்தையை விட்டு விலகியது. 2021-இல் ஃபோர்டும் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

'வாங்கினால் திரும்ப விற்க முடியுமா?' என்று நம்மூரில் எல்லோரும் முதலில் கேட்பது கஞ்சத்தனத்தால் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு கதவுக் கைப்பிடிக்கோ விளக்குக்கோ சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைய நேர்ந்தவர்கள், அடுத்த முறை ஊரே வாங்கும் காரைத்தான் வாங்குவார்கள். இப்படியே எல்லாத் தெருக்களிலும் நான்கைந்து மாதிரிகள் மட்டும் நிற்கின்றன.

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய கார்களில் காற்றுப்பை இல்லை, புகையும் அதிகம் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. சோதனையில் தோற்கும் வண்டி போகட்டும். ஓடக்கூடிய வண்டி, ஒரு ரப்பர் வளையம் கிடைக்காமல் இரும்புக் கடைக்குப் போவதுதான் வருத்தம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து அமைத்த குழு, வாகனங்களையும் தன் வரம்பில் சேர்த்தது. அந்த உரிமை சட்ட வடிவம் பெற வேண்டும். விற்பனை நின்றபின் எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் கார் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று அரசு சொல்லலாம். மைலேஜை மட்டும் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்!